பவர் பிஐ: எல்லா வரிசையிலும் ஒரே தொகை வருகிறதா?

பவர் பிஐ என்ற அறிக்கை தயாரிக்கும் மென்பொருளில், கால்குலேட் (CALCULATE) சூத்திரத்தில் எழுதும் நிபந்தனையை கீப்ஃபில்டர்ஸ் (KEEPFILTERS) என்ற சார்பின் அடைப்புக்குள் போடுங்கள். டர்பன் பக்கத்துக் கடைகளின் விற்பனையைக் கிளைவாரியாகப் பார்க்கும்போது, கிளை = "சாட்ஸ்வொர்த்" என்று வெறுமனே எழுதினால் ஃபீனிக்ஸ், வெருலம் வரிசைகளிலும் சாட்ஸ்வொர்த்தின் ராண்ட் தொகையே வந்து நிற்கும். பிழை என்று எந்த எச்சரிக்கையும் வராது, அதுதான் ஆபத்து. கிளை நெடுவரிசையில் ஏற்கெனவே உள்ள வடிகட்டலை, அதாவது அந்தந்த வரிசையின் கிளையை, கால்குலேட் எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைக்கிறது. கீப்ஃபில்டர்ஸ் இரண்டையும் சேர்த்தே பார்க்கும். அப்புறம் சாட்ஸ்வொர்த் வரிசையில் மட்டும் தொகை இருக்கும், மற்றவை காலி. ஸ்லைசரில் (அறிக்கைப் பக்கத்தில் உள்ள தேர்வுப் பெட்டி) கிளையைத் தேர்ந்தெடுத்தாலும் இப்படித்தான்.

ஒவ்வொரு கிளையையும் சாட்ஸ்வொர்த்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் மட்டும் கீப்ஃபில்டர்ஸ் வேண்டாம். அங்கே எல்லா வரிசையிலும் அந்தத் தொகை வருவதுதான் சரி.