ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு கம்யூனிட்டி காலேஜ் வகுப்பு: கலிபோர்னியாவில் எப்படிச் சேர்ப்பது?

கலிபோர்னியாவில் பிரைவேட் ஸ்கூல் அஃபிடவிட் (வீட்டையே தனியார் பள்ளியாக மாநிலத்துக்கு அறிவிக்கும் படிவம்) போட்டு வீட்டில் பாடம் நடத்துகிறீர்களா? அப்படியானால் சட்டப்படி நீங்கள் ஒரு பள்ளியின் முதல்வர். டூயல் என்ரோல்மென்ட், அதாவது ஹைஸ்கூல் வயதிலேயே கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) வகுப்பு எடுப்பதற்கான படிவத்தில் பெற்றோர் கையெழுத்தும் நீங்கள்தான், பிரின்சிபால் கையெழுத்தும் நீங்கள்தான். என் மகளுக்கு இரண்டு இடத்திலும் நான் கையெழுத்துப் போட்டேன். காலேஜ் கவுன்டரில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அக்டோபர் 1 முதல் 15க்குள் தாக்கல் செய்யும் அந்த அஃபிடவிட்டின் நகலை மட்டும் கையில் வைத்திருங்கள், கேட்பார்கள். சார்ட்டர் பள்ளி (அரசு நிதியில், தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளி) வழியாகப் படிப்பவர்களுக்கு அந்தப் பள்ளிதான் கையெழுத்திட வேண்டும்.

விண்ணப்பம், கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களின் பொது விண்ணப்பத் தளமான சிசிசி அப்ளையில். பிள்ளையின் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள், உங்களுடையது வேண்டாம். காரணம் ஃபெர்பா என்ற மாணவர் தகவல் காப்புச் சட்டம்: காலேஜில் சேர்ந்துவிட்டால், வயது பதினைந்தே ஆனாலும் மதிப்பெண் விவரம் பிள்ளைக்குச் சொந்தம். நீங்கள் போன் செய்தால் மரியாதையாக மறுத்துவிடுவார்கள்.

கட்டணம் யூனிட்டுக்கு (வகுப்பின் அளவைக் கணக்கிடும் கிரெடிட்) 46 டாலர். ஆனால் பகுதிநேரமாக, அதாவது 11 யூனிட் வரை, எடுக்கும் ஹைஸ்கூல் பிள்ளைகளிடம் பெரும்பாலான காலேஜ்கள் அதை வாங்குவதில்லை. புத்தகச் செலவு தனி.

உண்மையான தலைவலி இடம் கிடைப்பதுதான். ஹைஸ்கூல் பிள்ளைகளுக்குப் பதிவு வரிசையில் கடைசி இடம். நம் முறை வருவதற்குள் ஆங்கில வகுப்பெல்லாம் நிரம்பியிருக்கும். சரி, வெயிட்லிஸ்டில் போட்டுவிட்டு முதல் நாள் வகுப்புக்குப் போகச் சொல்லுங்கள். வராதவர்களைப் பேராசிரியர்கள் நீக்குவார்கள், அந்த இடத்தில் பதிவு செய்துகொள்ள ஆட் கோட் என்ற அனுமதி எண் தருவார்கள். என் மகள் அனுப்பிய மின்னஞ்சல் நான்கே வரி: பெயர், மாணவர் எண், வகுப்பு எண், வெயிட்லிஸ்டில் எத்தனையாவது இடம். ஹோம்ஸ்கூல் கதையெல்லாம் எழுதவில்லை. எழுதவும் தேவையில்லை.

எந்த வகுப்பு என்று முடிவு செய்யும் முன் அசிஸ்ட் தளத்தைப் பாருங்கள். எந்த யூசி, எந்தக் கால்ஸ்டேட்டில் (இரண்டும் கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகத் தொகுப்புகள்) அது எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்று காட்டும். டிரான்ஸ்ஃபர் ஆகும், அதாவது யூசியில் கிரெடிட்டாக ஏற்கப்படும், ஒரு செமஸ்டர் வகுப்பை யூசி ஒரு வருட ஹைஸ்கூல் பாடமாகவே எடுத்துக்கொள்கிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் அப்படியல்ல: ஹைஸ்கூல் கணக்கில் சேர்த்த வகுப்புக்குக் காலேஜ் கிரெடிட் தர மாட்டோம் என்று சொல்பவை பல.

முதல் செமஸ்டரில் ஒரே வகுப்பு போதும். பிள்ளைக்குப் பிடித்த பாடமாக இருக்கட்டும், கால்குலஸ் அப்புறம் பார்க்கலாம். இதில் நான் பிடிவாதக்காரி. இந்த கிரேடு அழியாது. டாக்டர் கனவு உள்ள வீடுகளுக்குத் தனியாகவே சொல்கிறேன்: மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் ஹைஸ்கூல் வயதில் எடுத்த காலேஜ் வகுப்புகளையும் காட்டியே ஆக வேண்டும். அதனால் வகுப்பிலிருந்து விலக காலேஜ் தரும் இரண்டு கடைசித் தேதிகளை காலண்டரில் குறித்துவையுங்கள். முதல் தேதிக்குள் விலகினால் சுவடே இருக்காது. இரண்டாவதற்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியல்) விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' விழும். அதற்கும் பிறகு, வரும் கிரேடு வந்ததுதான்.

வகுப்பு முடிந்ததும் சிலபஸை பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். வேறு மாநிலப் பல்கலைக்கழகம் கிரெடிட் தருவதற்கு முன் அதைத்தான் கேட்கும். அதற்குள் அந்த வகுப்பின் இணையப் பக்கம் மூடப்பட்டிருக்கலாம்.