ஊரடங்கு வருமுன்: மாற்றுத்திறனாளி உள்ள வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடு

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது பல வீடுகளில் அரிசி, பருப்பைப் பற்றிய கவலையே முதலில் எழுந்தது. பிறர் துணையோடு எழுந்து, குளித்து, உண்ணும் மாற்றுத்திறனாளிக்கோ அந்தத் துணையே முதலில் நின்றுபோனது. திருநெல்வேலி மாவட்டத்தின் களக்காட்டிலும் வீரவநல்லூரிலும் இருந்து பேருந்து ஏறி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குச் சென்று வரும் வழியும் அன்று அடைபட்டது. ஆகவே, இன்னொரு தொற்றுக் காலத்துக்கான ஏற்பாட்டை ஆளிலிருந்து தொடங்குங்கள். பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பராமரிப்பவர் நலமாக இருக்கும்போதே மாற்றாக இருவரைப் பேசி வையுங்கள். அவர்களில் ஒருவராவது அதே வளவிலோ, நடந்து வரக்கூடிய தெருவிலோ இருக்க வேண்டும். தன் உடலைத் தொட்டு உதவப்போகிறவர் யார் என்பதை மாற்றுத்திறனாளியே முடிவு செய்யட்டும். மதினியோ சித்தியோ முறையில் நெருக்கம் என்பதற்காக மற்றவர்கள் முடிவு செய்வது சரியன்று. தண்டுவடம் பாதிக்கப்பட்டவரைப் படுக்கைப் புண் வராதபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதும், சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கையாள்வதும், விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவதும் வாயால் சொல்லிக் கொடுத்து வருவன அல்ல என்பதால், மாற்று ஆளை ஒரு நாள் முழுவதும் உடனிருந்து செய்யவிடுங்கள்.

அடுத்து, ஒரே தாளில் மருந்தின் பெயர், அளவு, ஒவ்வாமை, மாற்றுத்திறனாளி 'ஆம்', 'இல்லை' என்பதை எப்படித் தெரிவிப்பார், எதற்கு அஞ்சுவார் ஆகியவற்றை எழுதி, அடையாள அட்டையின் நகலோடு கதவின் உட்புறம் மாட்டுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே துணையாளை உள்ளே விட மறுத்தால் அந்தத் தாள்தான் அவருக்காகப் பேசும். அப்போதும் துணையாளுக்கு அனுமதி கேளுங்கள். ஆபத்துக் காலத்தில் சமமான பாதுகாப்பு அவருக்கு உண்டு என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது.

வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பக்கூடும். மருத்துவரிடம் கேட்டு ஒரு மாத அளவு கையிருப்பு வையுங்கள். தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் கோளாறு உள்ளவருக்கு இரத்தம் ஏற்ற அழைத்துச் செல்லும் வண்டியையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சக்கர நாற்காலியின் கைவளையம், ஊன்றுகோலின் பிடி, வெள்ளைக் கோல் ஆகியவற்றை வெளியே சென்று வந்ததும் சோப்பு நீரால் துடையுங்கள். பார்வையற்றவரிடம் 'எதையும் தொடாதே' என்று சொல்லாதீர்கள். தொட்டறிந்த பின் 20 வினாடி கை கழுவ வழி செய்யுங்கள். காது கேளாதவரிடம் முகக்கவசத்தோடு பேசினால் உதட்டசைவு மறைந்துவிடும் என்பதால் கைப்பேசியில் எழுதிக் காட்டுங்கள். அவருக்காக 108ஐ அழைக்க, குறுஞ்செய்தி கண்டதும் ஓடிவரும் ஒருவரை அண்டை வீட்டில் ஏற்பாடு செய்யுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கதவிலுள்ள தாளைத் திருத்துங்கள். மாற்று ஆள் ஊர் மாறியிருந்தால் அன்றே வேறொருவரைப் பேசிவிடுங்கள்.