அடுத்த புத்தகத்தைத் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

தொடர்ந்து நாவல்களாகவே படித்துக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் எந்த நாவலிலும் மனம் ஒட்டாது. வரலாறு, அரசியல், அறிவியல் என்று அபுனைவு மட்டுமே படிப்பவர்களுக்கும் இதே சலிப்பு வரும். இனிமேல் இரண்டையும் கலந்து படிக்க வேண்டும் என்று முடிவெடுப்போம். சரி, எதை எடுப்பது? இந்தக் கேள்விக்கு நாம் போகும் வழிகள் பெரும்பாலும் நம்மைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடுகின்றன.

பலர் முதலில் செய்வது பங்கு பிரிப்பது. ஒரு புனைவு, அப்புறம் ஓர் அபுனைவு, மறுபடியும் புனைவு. நானும் ஒரு வருடம் இப்படி முயன்றேன். நாவலை முடித்த கையோடு, முறை வந்துவிட்டது என்பதற்காகவே ஓர் அறிவியல் நூலை எடுத்தேன். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முப்பது பக்கத்தில் அது நின்றுபோனது. புத்தகத்தில் குறை இல்லை. அதைப் படிப்பதற்கான கேள்வி எதுவும் அப்போது என்னிடம் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் விடுதியில், நடக்கும் நாவல் ஒன்றைப் படித்தேன். காசநோயாளிகள் மாதக்கணக்காக, சிலர் வருடக்கணக்காக, மலைக்காற்றில் சாய்வு நாற்காலிகளில் படுத்தே கிடக்கிறார்கள். ஏன் யாரும் மருந்து கொடுக்கவில்லை என்ற கேள்வி என்னை விடவே இல்லை. மருத்துவ வரலாற்று நூல் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அந்தக் கிருமியை அடக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கண்டறியப்பட்டது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில், நோய் எதனால் வருகிறது என்று தெரியும், நல்ல மருந்துதான் கிடையாது. ஓய்வும் காற்றும் சத்தான உணவுமே முக்கிய சிகிச்சை. இதைத் தெரிந்துகொண்டு நாவலைத் திரும்பப் புரட்டியபோது, அந்த நாற்காலிகளில் கிடந்தவர்களின் சிரிப்பும் சண்டையும் வேறாகத் தெரிந்தன.

அங்கிருந்து ரஷ்ய எழுத்தாளர் செகாவிடம் போனேன். அவரே ஒரு மருத்துவர். காசநோயால் 1904இல், 44 வயதில் இறந்தவர். அவருடைய கதைகளையும் கடிதங்களையும் மாற்றி மாற்றிப் படித்தேன். உடல்நிலை ஏற்கெனவே மோசமாகிக்கொண்டிருந்த நாளில், 1890இல், சைபீரியாவைக் கடந்து சகலின் தீவுக்குப் போய், அங்கே நாடுகடத்தப்பட்டிருந்த கைதிகளை வீடு வீடாகச் சந்தித்து அவர் கணக்கெடுத்திருக்கிறார். அதைப் பற்றி நீண்ட நூல் ஒன்றும் எழுதியிருக்கிறார். சிறுகதைக்காரர் என்று மட்டும் நான் நினைத்திருந்தவர், சிறைகளைப் பற்றிய அபுனைவு நூலோடு எதிரே வந்து நின்றார். நாவல், மருத்துவ வரலாறு, கடிதங்கள், சிறுகதைகள், கள ஆய்வு. ஒரே கேள்வி இத்தனை வகைகளுக்குள் என்னைக் கூட்டிப்போனது. எந்தப் பங்கு கணக்கும் வைக்கவில்லை.

அதனால்தான், கடைசிப் பக்கங்களைப் படிக்காமல் புத்தகத்தை மூடுவதை நான் மிகப் பெரிய தவறாக நினைக்கிறேன். துணைநூற்பட்டியல், அடிக்குறிப்புகள், நன்றியுரை ஆகிய மூன்றும் அடுத்த புத்தகத்துக்கான வழிகள். பட்டியல் நீளமாக இருந்தால் மிரள வேண்டாம். ஆசிரியர் திரும்பத் திரும்பக் குறிப்பிடும் இரண்டு மூன்று நூல்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் எந்த நூலோடு சண்டை போடுகிறாரோ, அதையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். வரலாற்று நாவல்களின் நன்றியுரையில் பல சமயம் வரலாற்று ஆய்வாளர்களின் பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்களைத் தேடினால் நல்ல அபுனைவு நூல்கள் கிடைக்கும்.

அபுனைவு என்றாலே ஏதாவது பயன் தரும் புத்தகம் என்று எண்ணுவதும் ஒரு தவறு. பணம், பழக்கவழக்கம், வெற்றி இவற்றைப் பற்றி நாலைந்து நூல்களைப் படித்துவிட்டு, "எனக்கு அபுனைவு ஒத்துவராது" என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நாட்குறிப்பு, பயண நூல், தன்வரலாறு, கட்டுரை, பறவைகளையும் செடிகளையும் பற்றிய நூல்கள், வாய்மொழி வரலாறு என்று அந்தப் பக்கம் பெரிய உலகமே இருக்கிறது. இலக்கியத்துக்கான நோபல் பரிசே அபுனைவு எழுதியவர்களுக்கும் போயிருக்கிறது. 1902இல் ரோமானிய வரலாறு எழுதிய தியோடர் மாம்சென், 1950இல் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், 2015இல் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச். அலெக்ஸியேவிச் போரையும் செர்னோபில் அணு உலை விபத்தையும் அனுபவித்த சாதாரண மனிதர்களின் பேச்சைத் தொகுத்து எழுதுபவர். நாவல் மட்டுமே படிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இவருடைய நூல்களைத்தான்.

விருதுகளையே நம்பித் தேர்ந்தெடுப்பவர்கள், அந்த விருதின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1969இல் தொடங்கிய புக்கர் பரிசு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட புனைவுக்கு மட்டும் உரியது. மொழிபெயர்ப்புகள் அதற்குள் வராது. சர்வதேச புக்கர் பரிசு ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட புனைவுக்கானது. அதில் பரிசுத்தொகையை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சமமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். வென்ற நூலோடு நின்றுவிடாமல், பரிசுக்கு முதல் சுற்றில் தேர்வான நூல்களின் நெடும்பட்டியலைப் பாருங்கள். வகைவகையான நூல்கள் அங்கேதான் இருக்கும். பிடித்த மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பின்தொடர்ந்தாலும், நாம் கேள்விப்படாத எழுத்தாளர்களிடம் போய்ச் சேரலாம். விற்பனைப் பட்டியல் அந்தந்த வாரத்தில் எது அதிகம் விற்றது என்பதைத்தான் சொல்லும். ஐம்பது வருடமாக நிதானமாக விற்றுக்கொண்டிருக்கும் நூல் அதில் தலைகாட்டாமலேயே போகலாம்.

'இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்' என்று இணையக் கடைகள் காட்டும் பரிந்துரையும் அப்படித்தான். நம்மைப் போன்றவர்கள் ஏற்கெனவே எடுத்ததையே அது நம் முன் வைக்கிறது. துப்பறியும் நாவல் ஒன்றை எடுத்தால் இன்னும் பத்து துப்பறியும் நாவல்கள் வரும். தடயவியல் வரலாறு பற்றிய நல்ல நூல் அவ்வளவு எளிதில் வராது. நட்சத்திர மதிப்பீடுகளில், ஐந்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று பொறுமையாகச் சொல்பவர்கள் அவர்களில்தான் அதிகம்.

நூலகத்தில் வேறொரு சிக்கல். நூல்களைத் துறைவாரியாக எண் கொடுத்து அடுக்கும் தசம வகைப்பாட்டை 1876இல் மெல்வில் டூயி வெளியிட்டார். அதைப் பின்பற்றும் நூலகங்களில் மருத்துவம் 610இல் இருக்கும். இலக்கியம் 800இல் இருக்கும். பல இடங்களில் நாவல்களைத் தனியாக எடுத்து ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்கியிருப்பார்கள். ஆக, காசநோயைப் பற்றிய நாவலும் அதே நோயின் வரலாறும் அருகருகே இருக்கவே முடியாது. எப்போதும் ஒரே அலமாரியின் முன் போய் நிற்பவருக்கு மற்றது கண்ணில் படாது. "நல்ல நாவல் ஏதாவது இருக்கிறதா?" என்று நூலகரிடம் கேட்பதைவிட, "மருந்து இல்லாத காலத்து நோயாளிகளைப் பற்றி என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். நான்கு அலமாரிகளிலிருந்து எடுத்துத் தருவார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று இந்திய நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியல் விதிகளாகவே வகுத்து வைத்திருக்கிறார்.

புதிய துறைக்குள் எண்ணூறு பக்க நூலோடு நுழைவதும் வேண்டாம். ஒரு நீண்ட கட்டுரையோ மெல்லிய அறிமுக நூலோ முதலில் போதும்.

கடைசியாக, எடுத்துவிட்டோம் என்பதற்காகவே பிடிக்காத நூலை இழுத்துக்கொண்டிருப்பது. எடுத்தால் முடித்தே ஆக வேண்டும் என்ற பயத்தால்தான் பலர் பழக்கமில்லாத நூலைத் தொடுவதே இல்லை. அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் இதற்கு ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார். ஐம்பது பக்கம் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால், நூறிலிருந்து வயதைக் கழித்தால் வருகிற பக்கங்கள் போதும். அறுபது வயதுக்காரருக்கு நாற்பது பக்கம். நான் இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன்: பாதியில் விடும் நூலாக இருந்தாலும், திருப்பிக் கொடுப்பதற்கு முன் அதன் துணைநூற்பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவேன்.