மலை வீட்டில் மரமும் சுண்ணாம்பும்: எங்கே தப்பு நடக்கிறது?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வீடு கட்டுபவர்கள் இப்போதெல்லாம் எடுத்த எடுப்பில் சொல்வது, "உள்ளே எல்லாம் இயற்கைப் பொருளாகவே இருக்கட்டும்" என்பதுதான். நல்ல விஷயம். ஆனால் கூடவே போனில் காட்டும் படங்கள் ஆரோவில்லிலும் காரைக்குடியிலும் எடுத்தவை. அங்கே சமாளிக்க வேண்டியது வெயிலை. இங்கே ஈரத்தை.

அதிகம் பணம் வீணாவது மரத்தில். கோவையில் வாங்கிய காய்ந்த பலகையை லாரியில் ஏற்றிவந்து, மறுநாளே தரையில் அடித்துவிடுகிறார்கள். மரம் சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்றபடி ஈரத்தை இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதம் உள்ள ஊரில் பலகையின் ஈரம் சுமார் 9 சதவீதத்தில் நிற்கும். மழை பிடித்து, ஈரப்பதம் 90 சதவீதத்திலேயே நின்றால் அது 20-ஐ நெருங்கும். நீளவாக்கில் பலகை அநேகமாக மாறாது, உப்புவதெல்லாம் அகலவாக்கில்தான். ஜூலையில் தரை நடுவில் மேடு தட்டுவதும் கதவு நிலையில் இறுகுவதும் இதனால்தான். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிடுவார்கள். ஜனவரியில் ஹீட்டர் போட்டதும் மரம் சுருங்கி, அதே கதவின் இடுக்கில் பனிக்காற்று வரும்.

பலகையை வேலை நடக்கும் அறையிலேயே, இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரமாவது விட்டுவையுங்கள். ஊசி குத்திப் பார்க்கும் மாயிஸ்ச்சர் மீட்டரில் அளவு ஏறாமல் நின்ற பிறகு அடிக்கலாம். சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி விட்டால், சுவரின் அடியில் ஓட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும்.

மூங்கிலில் தப்பு வேறு மாதிரி. பச்சையாக வெட்டி வார்னிஷ் அடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் மாவுச்சத்துக்கு வண்டு வரும்; சில மாதத்தில் கீழே மஞ்சள் பொடி கொட்டத் தொடங்கும். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்தது என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். அந்த மருந்தும் மழையில் கரைந்து போய்விடும், அதனால் வாசல் பந்தலுக்கு இது வேண்டாம். நாற்காலி, அலமாரித் தடுப்பு மாதிரி சாமான்களுக்கு என் ஓட்டு உண்ணிச்செடிக்கு. முதுமலைக் காட்டையே வளைத்துப் பிடித்திருக்கும் களை அது. எவ்வளவு வெட்டினாலும் யாரும் அழப்போவதில்லை. தண்டை வேகவைத்துத் தோல் உரித்து, சூடு ஆறுமுன் வளைத்துச் செய்கிறார்கள்.

தரைக்குப் போடும் ஆத்தங்குடிக் கல்லும் கடப்பாக் கல்லும் செட்டிநாட்டில் காலுக்குச் சுகம். ஊட்டியில் டிசம்பர் காலையில் அதன்மேல் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கோரைப்பாயும் சணல் விரிப்பும் இங்கே சீக்கிரம் பூசணம் பிடிக்கும். கம்பளி பரவாயில்லை.

சுண்ணாம்புப் பூச்சுக்கு வருவோம். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் அடித்த சுவரைச் சுரண்டாமல் மேலேயே பூசச் சொல்கிறார்கள். அது பிடிக்காது, ஏடு ஏடாக உரியும். சரி, சுரண்டியாச்சு, எப்போது பூசுவது? சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கித்தான் கெட்டியாகும், குளிரில் அது மெதுவாகிவிடும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் தொடவே வேண்டாம். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். பழைய பங்களாவில் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவருக்கு சிமெண்ட் பூசுவது இதைவிடப் பெரிய தப்பு. உள்ளே ஏறிய ஓதம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும்.

எந்தப் பூச்சாலும் தீராத ஒன்று உண்டு. சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண்ணோடு அணைந்து நிற்கும். அந்தச் சுவரில் ஒரு அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்குப் பின்னால் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் மட்டும் முத்து முத்தாக நின்றால் அது அறைக்காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி குறையும். பின்னால் நனைந்தவர்கள் டிசைனரை அப்புறம் பார்க்கலாம். முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டு, சுவருக்கு வெளியே மண்ணை விலக்கி, தண்ணீர் ஓட வாய்க்கால் எடுங்கள்.