பழைய வெள்ளரி ரகங்கள்: சென்னை மொட்டை மாடிக்கு எது, எப்படி

கடையில் ஒரே அளவில் அடுக்கி வைத்திருக்கும் பச்சை வெள்ளரி பெரும்பாலும் ஹைபிரிட். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தடவை அதே காய் வராது. பாரம்பரிய ரகம் அப்படி இல்லை, ஒரு முறை நல்ல விதை கிடைத்துவிட்டால் அப்புறம் விதைக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். மாடித் தோட்டம் போடுகிறவர்கள் இதற்காகவே பழைய ரகங்களைத் தேட வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் பூனா கீரா. பிஞ்சில் வெளிறிப்போய் இருக்கும், முற்ற முற்ற உருளைக்கிழங்குத் தோல் மாதிரி பழுப்பாகிவிடும். அதைப் பார்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உள்ளே மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். அடுத்தது லெமன் வெள்ளரி: உருண்டையாக, வெளிர் மஞ்சளாகக் காய்க்கும், புளிப்பு கிடையாது, அடர் மஞ்சளாகும்வரை விட்டால் விதை கெட்டியாகிவிடும். மூன்றாவது ஆர்மீனியன் வெள்ளரி, வடக்கே ககடி என்று விற்கிற நீளக் காயின் சொந்தம். உண்மையில் இது முலாம்பழ இனம், அதனால் நம் ஏப்ரல், மே வெயிலுக்கு மற்ற இரண்டையும்விட நன்றாகத் தாங்கும். ஒரு முழம் வந்ததும் பறித்துவிடுங்கள்.

தை கடைசியிலோ ஆடிப்பட்டத்திலோ விதையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம், இலையெல்லாம் அடிச்சாம்பல் நோய் வந்து கொடி போய்விடும். 15 அங்குல குரோ பேக்கில் செம்மண், மண்புழு உரம், கோகோபீட் மூன்றும் சம அளவு, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. நாற்று விட்டுப் பிடுங்கி நடாமல் நேராகப் பையிலேயே விதையை ஊன்றுங்கள், வேர் அசைந்தால் வெள்ளரிக்குப் பிடிக்காது. ஒரு பைக்கு ஒரு கொடி, ஏறப் பந்தலோ கயிறோ.

சென்னையில் பெரிய சிக்கல் தண்ணீர்தான். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகிக்கொண்டே வரும். மழைத் தண்ணீர், மெட்ரோ தண்ணீர் இருந்தால் அதை ஊற்றுங்கள், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரிலும் உப்பு இருக்காது, அதையும் பிடித்து வைக்கலாம். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம், அதில்தான் உப்பு அதிகம். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் கொட்டுவதும் கூடாது, அப்படிச் செய்தால் காய் கசக்கும்.

பூ நிறைய வருகிறது, காயே இல்லையே என்று பதற வேண்டாம். முதலில் வருவது ஆண் பூ. பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும். தேனீ வராத மாடியென்றால் காலை ஒன்பது மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள்.

விதைக்கு இது மட்டும் போதாது. பூனா கீராவும் லெமனும் ஒரே இனம், பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும். ஆர்மீனியன் அவற்றோடு கலக்காது, ஆனால் முலாம்பழத்தோடும் தோசக்காயோடும் கலக்கும். ஆக இடம் குறைவென்றால் ஒரு வெள்ளரி, ஒரு ஆர்மீனியன் என்று வளர்ப்பதுதான் புத்திசாலித்தனம். இல்லையென்றால், மறுநாள் விரியப்போகும், நுனி மஞ்சளான ஆண், பெண் மொட்டுகளைச் சாயங்காலமே நூலால் கட்டிவிட வேண்டும். காலையில் அவிழ்த்து, அதே ரகத்தின் வேறு கொடி ஆண் பூவால் தடவி, பெண் பூவைத் திரும்பக் கட்டுங்கள். அந்தக் காம்பில் ஒரு சிவப்பு நூலும் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது சாலட்டுக்குப் பறித்துவிடுவார்கள்.

அந்தக் காய் நன்றாகப் பழுத்து மெத்தென்று ஆகும்வரை கொடியிலேயே இருக்கட்டும். பூனா கீரா, லெமன் என்றால் விதையைச் சதையோடு வழித்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு நாள் புளிக்க வையுங்கள், நம்மூர் வெப்பத்துக்கு அதற்கு மேல் விட்டால் முளைத்துவிடும். மிதப்பது பதர், அடியில் தங்குவதுதான் விதை. ஆர்மீனியனுக்குப் புளிப்பு தேவையில்லை, கழுவினால் போதும். நிழலில் உலர்த்தி, வளைத்தால் பட்டென்று ஒடிகிற பதம் வந்ததும் ரகமும் மாதமும் எழுதிய சிறு பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். கடலோர ஈரக் காற்றில் வெளியே வைத்தால் முளைப்பு சீக்கிரம் குறைந்துவிடும்.