புதிய எஸ்.ஏ.டி. தேர்வு: பிள்ளைகளுக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் தாளும் பென்சிலும் போய்விட்டன. 2023 மார்ச்சில் இந்தியா உட்பட அமெரிக்காவுக்கு வெளியே உள்ள மையங்களிலும், 2024 மார்ச்சில் அமெரிக்காவுக்குள்ளும் தேர்வு கணினிக்கு மாறியது. மூன்று மணி நேரத் தேர்வு 2 மணி 14 நிமிடமாகச் சுருங்கியது. 154 கேள்விகள் 98 ஆயின. மதிப்பெண் மட்டும் பழையபடி 400 முதல் 1600 வரை. இதைக் கேட்டதும், "அப்போ சுலபமாக்கிட்டாங்க" என்று பெற்றோர் பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அக்கா படித்த தடிமனான புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கித் தம்பியிடம் கொடுக்கிறார்கள். அக்கறையில் குறையே இல்லை. ஆனால் அந்தப் புத்தகம் தயார்ப்படுத்துகிற தேர்வு இப்போது நடப்பதில்லை. பிள்ளை உழைத்தும் மதிப்பெண் ஏறாமல் நிற்பதற்கு, நான் பார்த்தவரை, பெரும்பாலும் இதுதான் காரணம்.

மாற்றங்களில் முக்கியமானது நேரமும் அல்ல, கணினியும் அல்ல. தேர்வு இப்போது மாணவருக்கு ஏற்ப மாறுகிறது. வாசிப்பும் எழுத்தும் ஒரு பிரிவு, கணிதம் ஒரு பிரிவு. ஒவ்வொன்றும் இரண்டு மாட்யூல்களாக, அதாவது தனித்தனி நேரம் கொண்ட இரண்டு பகுதிகளாக வரும். வாசிப்பில் ஒரு மாட்யூலுக்கு 27 கேள்விகள், 32 நிமிடம். கணிதத்தில் 22 கேள்விகள், 35 நிமிடம். முதல் மாட்யூல் எல்லோருக்கும் சுலபமும் கடினமும் கலந்து வரும். அதில் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பார்த்து, இரண்டாவதாகக் கடினமான தொகுப்பைத் தருவதா, எளிதானதைத் தருவதா என்று செயலியே முடிவு செய்கிறது. எளிதான தொகுப்பு வந்துவிட்டால் அதை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அந்தப் பிரிவின் உச்ச மதிப்பெண்களை எட்ட முடியாது. எத்தனை சரியாக இருந்தால் கடினமான தொகுப்பு கிடைக்கும் என்ற எல்லையைத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு வெளியிடுவதில்லை. ஒரு மாட்யூலை முடித்து அடுத்ததற்குப் போய்விட்டால் பின்னால் வரவும் முடியாது.

இதை உணராமல் பயிற்சி கொடுப்பதுதான் முதல் தவறு. கடினமான கணக்குகளை அள்ளிக் கொட்டுகிறோம். பிள்ளை நுணுக்கமான இருபடிச் சமன்பாட்டையெல்லாம் போட்டுவிடுகிறது. ஆனால் முதல் மாட்யூலில் நான்காவது, ஏழாவது கேள்விகளில், கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய இடத்தில், தவறு செய்கிறது. ஜே.இ.இ.க்குப் படிக்கிற பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கலாம். 22 கேள்விகளை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு சின்ன உதாரணம். ஓர் எண்ணின் நான்கு மடங்கோடு 6 கூட்டினால் 18. அப்படியானால் அந்த எண்ணின் இரண்டு மடங்கோடு 3 கூட்டினால் எவ்வளவு? வேகமாகப் போகிற பிள்ளை எண்ணைக் கண்டுபிடிக்கும், 3 என்று வரும், விடைகளில் 3 இருக்கும், அழுத்திவிட்டு நகர்ந்துவிடும். கேட்டது 9. முதல் வரியை அப்படியே பாதியாக்கினாலே வந்துவிடும். பாடம் தெரியாததால் போன மதிப்பெண் இல்லை இது. கடைசி வரியைப் படிக்காததால் போனது. மீதமிருக்கும் நிமிடங்களில் ஒவ்வொரு கேள்வியின் கடைசி வரியை மட்டும் திரும்ப வாசித்து, "நான் குறித்தது இதற்கான விடைதானா" என்று பார்க்கப் பழக்குங்கள். இன்னொரு நூறு கடினக் கணக்குகளைவிட இந்தப் பழக்கம் அதிக மதிப்பெண் தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இதே இடத்தில் எதிர்ப்பக்கத் தவறு ஒன்றும் உண்டு. மாட்யூல் விஷயத்தைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்திவிடுவது. இரண்டாவது மாட்யூலைத் திறந்ததும், "இது சுலபமா இருக்கே, கோட்டை விட்டுட்டேனோ" என்று துப்பறிய ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு நிமிடம் அதில் போகும், மனசும் போகும். ஒவ்வொரு மாட்யூலிலும் இரண்டு கேள்விகள் மதிப்பெண்ணில் சேராதவை, அவை எவை என்று மாணவருக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவையுங்கள். விநோதமாக ஒரு கேள்வி வந்தால் அது சோதனைக் கேள்வியாகக்கூட இருக்கலாம். திரும்பப் பார்க்கத் திரையில் கொடியிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

அடுத்தது பயிற்சித் தாள்களில் நடக்கும் குழப்பம். திரையைப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று பி.டி.எஃப். மாதிரித் தாளைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறார்கள். காலேஜ் போர்டே வெளியிடும் தாள்தான். ஆனால் அது மருத்துவம் போன்ற காரணங்களுக்காகத் தாளில் எழுத அனுமதி பெற்றவர்களுக்கானது. அதில் மாட்யூல் மாறாது. கேள்விகளும் அதிகம்: வாசிப்பில் மாட்யூலுக்கு 33, கணிதத்தில் 27. அந்தத் தாளில் வேகம் பழகிய பிள்ளை உண்மையான தேர்வில் வேறு தாளத்தில் ஓட வேண்டியிருக்கும். முழு மாதிரித் தேர்வு என்றால், அசல் தேர்வு நடக்கும் ப்ளூபுக் செயலியில்தான் எழுத வேண்டும். தேர்வு நாளில் பார்க்கப்போகும் அதே திரை, அதே கடிகாரம், வேண்டாத விடையை அடித்துவிடும் அதே பொத்தான்.

ஆனால் ப்ளூபுக்கில் இருக்கும் முழுத் தேர்வுகள் கையளவே. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று எழுதித் தீர்த்துவிட்டு, கடைசி மாதம் எதுவும் மிச்சமில்லாமல் நிற்பவர்கள் ஏராளம். இரண்டு தேர்வுகளுக்கு நடுவே இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நோட்டில் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: பாடம் தெரியவில்லையா, கேள்வியைத் தப்பாகப் படித்தோமா, நேரம் போதவில்லையா, ஊகித்துத் தவறினோமா. இருபது வரி சேர்ந்ததும் பிள்ளையின் பலவீனம் எது என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும். பிறகு அந்த இடத்துக்கு மட்டும் காலேஜ் போர்டின் இலவசக் கேள்வி வங்கியிலிருந்து பாடவாரியாகவும் கடினவாரியாகவும் கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். கான் அகாடமி என்ற இணையதளத்தின் பாடங்களும் இலவசம். கேள்வி வங்கியில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ப்ளூபுக் தேர்வுகளில் உள்ள கேள்விகளும் அதில் கலந்திருக்கின்றன. அவற்றை விலக்கிக் காட்டும் வசதி உண்டு, அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே பார்த்த கேள்வி மாதிரித் தேர்வில் திரும்ப வரும், 1450 வந்துவிட்டது என்று வீடே மகிழும், அசல் தேர்வில் இறங்கும்.

கால்குலேட்டர் விஷயத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிக் கணிதத் தேர்வில் அதைத் தொடாமலே வளர்ந்தவர்கள். அதனால் திரையிலேயே டெஸ்மோஸ் வரைபடக் கால்குலேட்டர் இருந்தும், கணிதம் முழுவதுக்கும் அனுமதி இருந்தும், கையாலேயே போடுவதைப் பெருமையாக நினைப்பார்கள். "கணக்கு நல்லா வரும், கால்குலேட்டர் எதுக்கு" என்று நாமும் தூண்டிவிடுவோம். ஒரு நேர்கோடும் பரவளையமும் எத்தனை இடத்தில் வெட்டுகின்றன என்ற கேள்விக்கு இரண்டு சமன்பாட்டையும் டெஸ்மோஸில் தட்டினால் பதில் கண்ணுக்கு முன்னால் நிற்கும். கையால் போட்டால் ஒன்றரை நிமிடமும் கூட்டல், கழித்தல் குறியை மாற்றிப் போடும் வாய்ப்பும். அதற்காக எல்லாவற்றையும் அதில் போடுவதும் சரியில்லை. மேலே சொன்ன 9-க்கு டெஸ்மோஸைத் திறப்பது நேர விரயம். எதைத் தட்டுவது, எதை மனதில் போடுவது என்ற தீர்ப்பு தேர்வறையில் பிறக்காது. ஒரே கணக்கை இரண்டு வழியிலும் போட்டுப் பார்க்கும் பழக்கம் ஒரு மாதம் இருந்தால் தானாக வரும்.

கணிதத்தில் சுமார் கால்பங்கு கேள்விகளுக்கு விடைகளே தரப்படாது. மாணவர்தான் தட்டெழுத வேண்டும். சரியாகப் போட்ட கணக்கை இங்கே இழக்கிறார்கள். மூன்றரை என்பதைக் கலப்புப் பின்னமாக 3 1/2 என்று அடித்தால் செயலி அதை 31/2, அதாவது பதினைந்தரை என்று படிக்கும். 3.5 அல்லது 7/2 என்றுதான் கொடுக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கை 0.66 என்றோ 0.67 என்றோ கொடுத்தால் தவறு. இடம் இருக்கும்வரை நிரப்பி 0.666 அல்லது 0.667 என்று எழுத வேண்டும். 2/3 என்றே எழுதிவிட்டால் தொல்லையே இல்லை.

நீட், ஜே.இ.இ. பழக்கம் இன்னொரு இடத்திலும் உதைக்கிறது. தவறான விடைக்கு மைனஸ் மார்க் உண்டு என்று ஊறிப்போன பிள்ளைகள் தெரியாத கேள்வியை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். எஸ்.ஏ.டி.யில் 2016 மாற்றத்தோடு அந்தக் கழிவு போய்விட்டது. ஒரு கேள்வியைக்கூட வெறுமையாக விடக் கூடாது.

வாசிப்புப் பிரிவில் வீட்டார் செய்யும் உதவி பெரும்பாலும் சொற்பட்டியல்தான். ஆயிரம் சொல், மூவாயிரம் சொல் என்று மனப்பாடம். முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். பத்தியில் ஒரு கோடிட்ட இடத்துக்குப் பொருந்தும் சொல்லைக் கேட்கும் கேள்விகள் இப்போதும் வருகின்றன. ஆனால் அங்கே பத்தியின் தர்க்கமே விடையைக் காட்டிக்கொடுக்கும். விடைகளைக் கையால் மறைத்துவிட்டு, அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வராவிட்டால் தமிழில் சொல்லட்டும். பிறகு விடைகளைப் பார்த்தால் பாதி குழப்பம் போயிருக்கும்.

பழைய தேர்வின் நீண்ட பத்திகள் இப்போது இல்லை. 25 முதல் 150 சொற்கள் கொண்ட சின்னப் பத்தி, அதற்கு ஒரே ஒரு கேள்வி. குட்டிப் பத்திதானே என்று மேலோட்டமாகப் பார்க்கும் பிள்ளைகள் இங்கே சறுக்குகிறார்கள், ஏனென்றால் ஒவ்வொரு சொல்லும் வேலை செய்கிறது. 2016 முதல் நடந்த தாள் தேர்வில் இல்லாத கவிதையும் இப்போது வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதை எட்டு வரி வந்தால் அறிவியல் மாணவர்கள் மிரண்டுபோகிறார்கள். தினமும் ஒரு பழைய கவிதையோ நாவலின் ஒரு பக்கமோ படித்து, "யார் பேசுவது, என்ன மனநிலை" என்று இரண்டு வரி சொல்ல வைத்தால் போதும்.

குறிப்புகளைக் கொடுத்துக் கேட்கும் கேள்வியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓர் ஆய்வைப் பற்றி நாலைந்து குறிப்புகள் வரும். இரண்டு ஆய்வுகளுக்கு இடையிலான வேறுபாட்டை வலியுறுத்த வேண்டும் என்பதுபோல மாணவரின் நோக்கம் ஒன்று சொல்லப்படும். நான்கு விடைகளும் குறிப்புகளை வைத்துப் பார்த்தால் உண்மையாகவே தோன்றும். உண்மையா என்று சரிபார்க்கிற பிள்ளை நான்கையும் சரி என்று நினைத்துத் தவிக்கும். நோக்கத்தை முதலில் படித்தால் ஒன்றுதான் பொருந்தும்.

இந்தக் கேள்விகளும், நிறுத்தற்குறி, எழுவாய்-பயனிலை போன்ற இலக்கணக் கேள்விகளும் மாட்யூலின் பிற்பாதியில் வருகின்றன. விதி தெரிந்தால் அரை நிமிடத்தில் முடியக்கூடியவை. முன்பாதியின் கடினமான பத்தியில் நாலு நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு இவற்றை அவசரத்தில் தொலைப்பதுதான் வழக்கமாக நடப்பது. நேரம் போதாத பிள்ளை இலக்கணத்தை முதலில் முடித்துவிட்டு முன்னால் வருவதில் தவறே இல்லை. மாட்யூலுக்குள் எங்கு வேண்டுமானாலும் தாவலாம்.

"இப்போ எஸ்.ஏ.டி.யே தேவையில்லையாமே" என்ற பேச்சையும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கொரோனா காலத்தில் பல கல்லூரிகள் விலக்களித்தது உண்மை. எம்.ஐ.டி. 2022-இலேயே தேர்வைத் திரும்பக் கேட்கத் தொடங்கியது. 2024-இல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் ஆகியவையும் திரும்பின. யேல் எஸ்.ஏ.டி.க்குப் பதிலாக, பள்ளியில் எழுதும் உயர்நிலைப் பாடத் தேர்வுகளான ஏ.பி. அல்லது ஐ.பி. மதிப்பெண்ணையும் ஏற்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கையில் மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. ஆகவே பிள்ளை விண்ணப்பிக்கப்போகும் கல்லூரிகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றின் சேர்க்கைப் பக்கத்திலும் அந்த ஆண்டு விதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

காலமும் முக்கியம். முன்கூட்டிய சேர்க்கைக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள். பிளஸ் டூ பிள்ளை அக்டோபரில் முதல் தடவையாக எழுதினால் சரிசெய்ய வாய்ப்பே இருக்காது. பிளஸ் ஒன் முடிகிற சமயத்தில் முதல் முயற்சி, ஆகஸ்டில் இரண்டாவது என்று வைத்துக்கொண்டால் பொதுத்தேர்வுப் படிப்போடு மோதாது. கற்றல் குறைபாடோ உடல்நலக் காரணமோ இருந்து கூடுதல் நேரம் வேண்டுமென்றால் அனுமதிக்கே ஏழு வாரம் வரை ஆகலாம். பள்ளி மூலமாக முதலிலேயே விண்ணப்பியுங்கள்.

தேர்வு வாரத்தில் லேப்டாப்தான் கவலை. செல்பேசியில் எழுத முடியாது. தேர்வுக்கு ஐந்து நாள் முன்பிருந்தே ப்ளூபுக்கில் 'எக்ஸாம் செட்டப்' என்ற முன்னேற்பாட்டுப் பகுதி திறக்கும். அதை முந்தைய இரவுக்குத் தள்ளாமல் அன்றே முடித்து அனுமதிச் சீட்டை எடுத்துவிடுங்கள். மையத்தில் பிளக் பாயின்ட் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை, எனவே மூன்று நான்கு மணி நேரம் தாங்கும் சார்ஜ் வேண்டும். நடுவில் வைஃபை போனால் பிள்ளை பதறாமல் தொடர்ந்து எழுதட்டும். விடைகள் கணினியிலேயே சேமிக்கப்படும். முடியும்போதும் இணைப்பு வராவிட்டால், செயலியை நீக்காமல் வீட்டுக்கு வந்து இணையத்தில் இணைத்து ப்ளூபுக்கைத் திறந்தால் விடைகள் போய்ச் சேர்ந்துவிடும். அதை அடுத்த நாளுக்குள் செய்துவிட வேண்டும்.