பதினெட்டுப் பொந்து என்றால் பதினெட்டு எலியா?

கும்பப்பூ (இரண்டாம் போகம்) நெல் பொதி கட்டும், அதாவது கதிர் உள்ளே திரளும் நேரத்தில், குமரி மாவட்டத்துப் பூதப்பாண்டிப் பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் எலிப் பேச்சுதான். பக்கத்து வயல்காரர் ஒருநாள் சொன்னார்: “அண்ணாச்சி, நேத்து வரப்புல பதினஞ்சு பொந்தை அடைச்சேன் பாத்துக்கிடுங்க. இன்னைக்குப் பதினெட்டு. ராத்திரியோட ராத்திரியா பெத்துப் போடுது!”

எலியை ஒழிப்பதில் நாம் செய்யும் முதல் தவறு இந்தக் கணக்குதான். நம் வயல்களில் அதிகம் தொல்லை தருவது கரம்பை எலி. அது தனிக்கட்டை, குட்டிகளோடு இருக்கும் தாயைத் தவிர, ஒரு வளைக்கு ஒன்றுதான் குடியிருக்கும். ஆனால் அந்த ஒரு வளைக்குப் பல வாசல்கள் உண்டு. பதினெட்டு வாசலுக்குள் நான்கைந்து எலிகள் மட்டுமே இருக்கலாம். சாயங்காலம் எல்லா வாசலையும் மண்ணால் மூடிவிட்டு, விடிந்ததும் எவை திறந்திருக்கின்றன என்று பாருங்கள். ஆள் இருக்கும் வளை எது என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்தது, வளையையே எலியின் உலகம் என்று நினைப்பது. வளை படுக்கவும் குட்டி போடவும் நெற்கதிரைச் சேர்த்து வைக்கவும் உள்ள வீடு. இரை தேடியும் துணை தேடியும் அது வழக்கமாகச் சுற்றிவரும் இடம் முழுவதும் சேர்ந்ததுதான் அதன் நடமாட்டப் பரப்பு. அந்தப் பரப்பு ஒரே அளவில் நிற்பதும் இல்லை. பக்கத்திலேயே தீனியும் மறைவும் இருந்தால் சுருங்கும், இல்லாவிட்டால் நீளும். பெரும்பாலான சிற்றெலி இனங்களில் ஆணின் பரப்பு பெண்ணுடையதைவிடப் பெரிது, இணை சேரும் காலத்தில் இன்னும் விரியும். அகலமாகச் சுற்றும் எலி பொறிகளை அதிகம் சந்திக்கும். ஆகவே முதல் இரண்டு நாள் பொறி நிறைந்ததும் ‘ஒழிந்தது’ என்று முடிவு கட்டாதீர்கள். குட்டியோடு உள்ளே கிடக்கிறவை மிச்சம் இருக்கும்.

பொறியை வயலின் நட்ட நடுவில் வைப்பவர்களையும் பார்க்கிறேன். எலி திறந்தவெளியில் நடக்க விரும்பாது. வரப்போரம், சுவரோரம், புல் மறைவு என்று ஒட்டி ஒட்டித்தான் போகும். தினமும் ஒரே தடத்தில் போவதால் அந்த இடத்தில் புல் படிந்து, சின்ன ஒற்றையடிப் பாதை மாதிரி தெரியும். பொறிக்கும் கிட்டிக்கும் இடம் அதுதான். வரப்பையும் ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரத்துக்குள் வைத்துக்கொண்டால் வளை தோண்ட வசதி குறையும்.

விஷத்தை எடுத்த எடுப்பில் வைப்பது இன்னொன்று. ஜிங்க் பாஸ்பைடு கலந்த தீனியைக் கொஞ்சம் தின்று, சாகாமல் பிழைத்த எலி மறுபடி அதைத் தொடாது. விஷம் வைப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் விஷமில்லாத அரிசிக் குருணையை வைத்துப் பழக்க வேண்டும்.

ஆனால் எனக்குப் பெரிய தவறாகப் படுவது, என் வயலை மட்டும் சுத்தம் செய்தால் போதும் என்ற எண்ணம். ஒரு எலியைப் பிடித்துவிட்டால் அதன் இடம் காலியாகிறது. பக்கத்து வரப்பில் இடத்துக்கு அடித்துக்கொண்டிருந்த இளசு ஒன்று வந்து அந்த வளையிலேயே குடியேறும், தோண்டும் வேலைகூட மிச்சம். எலிக்கு நம் பட்டாவும் சர்வே கல்லும் தெரியாது. பத்து (அடுத்தடுத்த வயல்கள் சேர்ந்த பரப்பு) முழுவதும் ஒரே வாரத்தில், கதிர் வருவதற்கு முன்பே இறங்கினால்தான் பலன். கதிர் முற்றியபின் தீனி எங்கும் கிடக்கும். உங்கள் குருணையை யார் சீண்டுவார்கள்? அறுவடை முடிந்ததும் எலி வைக்கோல் படப்புக்கும் பக்கத்து மரச்சீனி (மரவள்ளி) விளைக்கும் நகர்ந்துவிடும். வயலில் காணவில்லை என்று நிம்மதியாக இருப்பதும் தவறுதான்.

தென்னை விளையில் கதை வேறு. மரத்தில் தகரம் சுற்றிவிட்டு, இளங்காய் இன்னும் துளைபட்டு விழுகிறதே என்று புலம்புவார்கள். அங்கே இருப்பது மரமேறும் எலி, கரம்பை அல்ல. நம் ஊரில் மரங்களை நெருக்கி வைத்திருப்பதால் ஓலையோடு ஓலை தொட்டுக்கொண்டிருக்கும். எலி தென்னை மண்டைக்கு மண்டை தாவிக்கொண்டு, தரைக்கே வராமல் நாள்கணக்கில் மேலேயே இருக்கும். ஒரு மரத்துக்கு மட்டும் தகரம் சுற்றினால் மேலே இருப்பதை அது என்ன செய்யும்? தொடுகிற ஓலைகளைக் கழித்து, மேலே இருப்பவற்றை ஒழித்து, அதன் பிறகு சுற்ற வேண்டும்.

நல்ல நிலா வெளிச்சத்தில் தடம் குறைவாக இருப்பதை வைத்தும் எடைபோட வேண்டாம். கூகைக்குப் பயந்து பல இனங்கள் அன்று வெளியே அதிகம் வராது. கூகையை அபசகுனம் என்று விரட்டுவதும், சாரைப் பாம்பைக் கண்டதும் அடிப்பதும் எலிக்குச் செய்யும் உபகாரம்.

அப்புறம், சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு ஓடும் நீள மூக்கு மூஞ்சூறு எலி இனமே அல்ல. அது பூச்சி தின்னி, பொறியில் விழுந்தால் திறந்து விட்டுவிடுங்கள். எதைத் திறந்தாலும் வெறுங்கையால் வேண்டாம். எலி மூத்திரத்தில் பரவும் எலிக்காய்ச்சலுக்குக் கையில் ஒரு சிராய்ப்பு போதும்.